ஒட்டாத பற்கள்

பரணில் இருந்த நாலு அட்டைப் பெட்டிகளை இறக்கி வைத்து, "இதுக்கு ஒரு முடிவு கட்டுங்க" என்று வீட்டுக்காரம்மா போன வாரம் சொல்லிவிட்டார். ஏற்காட்டில் மழைக்காலம் வந்தால் பரணில் வைத்த எதுவும் பூஞ்சணத்துக்குத் தப்பாது. பெட்டிக்குள் இருந்தவை பிளாஸ்டர் ஆஃப் பாரிஸில் வார்த்த பல் அச்சுகள். ஒவ்வொன்றின் அடியிலும் பென்சிலில் முதலெழுத்து, வயது, தேதி. கோணல் பல்லை வரிசைப்படுத்துவது, ஊரில் சொல்வதானால் ‘கிளிப் போடுவது’, அதுதான் என் தொழில். சேலத்தில் முப்பது வருஷத்துக்கு மேல் செய்தேன். அதில் பல வருஷம் சனிக்கிழமைதோறும் இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி ஏற்காட்டுக்கும் வந்து, ஒண்டிக்கடை பக்கம் ஒரு வாடகை அறையில் நாற்காலி போட்டுப் பார்த்தேன்.

அச்சுகளோடு பழைய கேஸ் அட்டைகளும் ஒரு கட்டு கிடைத்தது. அதில் 1987இல் நான் எழுதிய ஓர் அட்டையின் கடைசி வரி: ‘ஒத்துழைப்பு இல்லை. சிகிச்சை நிறுத்தப்பட்டது.’ அந்த வரியைப் பற்றித்தான் இந்தப் பதிவு.

அந்தப் பெண்ணுக்கு அப்போது பதின்மூன்று வயது. தொப்பூர் கணவாய்க்கு அந்தப் பக்கம், தருமபுரி மாவட்டத்து கிராமம் ஒன்று. அப்பா புளி வியாபாரி. மேல் வரிசையில் முன்பற்கள் தூக்கல், கோரைப்பல் இரண்டும் தெத்து. பாடப்புத்தகத்தில் போடும்படியான கேஸ். பிராக்கெட் ஒட்டிக் கம்பி மாட்டி அனுப்பினேன். பிராக்கெட் என்பது பல்லின் மேல் ஒட்டும் சின்ன உலோகத் துண்டு. கம்பி அதன் வழியாகத்தான் பல்லை இழுக்கும். ஒன்பதாம் நாள் மூன்று துண்டுகள் கழன்றுவிட்டன என்று வந்தார்கள். மறுபடி ஒட்டினேன். இரண்டு வாரத்தில் மறுபடி இரண்டு.

"கரும்பு கடிச்சியா? முறுக்கா?" என்று அந்தப் பிள்ளையைக் கேட்டேன். கையால் வாயை மூடிக்கொண்டு நின்றது. அம்மாதான் பதில் சொன்னார்: "இல்லைங்க சார், சோத்தையே பெசஞ்சுதான் குடுக்கறேன்."

"அப்ப அதுவா கழண்டு விழுதாக்கும்?"

நாலாவது தடவை, கழன்ற ஒவ்வொரு பிராக்கெட்டுக்கும் இருபது ரூபாய் என்று சொன்னேன். அது வசூலுக்காக இல்லை, பயமுறுத்தத்தான். பயமுறுத்தல் வேலை செய்தது; ஏழெட்டு மாதத்தில் வருவதையே நிறுத்திவிட்டார்கள். அட்டையில் அந்த வரியை எழுதி மூடினேன்.

முன்பற்களில் பிராக்கெட்டை ஒட்டுவது என்பதே பல் வைத்தியத்தில் அப்போது புதிய சங்கதி. அமெரிக்காவில் எட்வர்ட் ஆங்கிள் இந்தத் துறைக்கு அடித்தளம் போட்ட காலம் தொட்டு, ஒவ்வொரு பல்லுக்கும் மோதிரம் மாதிரி ஓர் உலோக வளையம் செய்து, சிமெண்ட் வைத்து மாட்டுவதுதான் வழக்கம். சிரித்தால் வாய் முழுக்கத் தகரக் கடை. 1955இல் ராச்செஸ்டரில் மைக்கேல் பூனோகோர் என்பவர் ஒரு சுலபமான காரியம் செய்தார். உலோகத்தில் பெயிண்ட் நன்றாகப் பிடிக்க, தொழிற்சாலைகளில் முதலில் பாஸ்பாரிக் அமிலம் தடவுவார்கள். அதையே அவர் பல்லில் அரை நிமிடம் தடவிப் பார்த்தார். அமிலம் எனாமலின் மேற்பரப்பைக் கண்ணுக்குத் தெரியாத அளவில் அரித்து, தேன்கூடு மாதிரி ஆக்குகிறது. அந்தத் துளைகளுக்குள் பிசின் இறங்கி இறுகினால் பிடித்துக்கொள்ளும். பத்து வருஷம் கழித்து, 1965இல், நியூமன் என்ற நியூ ஜெர்சி வைத்தியர் பிராக்கெட்டை நேராகப் பல்லிலேயே ஒட்டுவது பற்றி எழுதினார். சென்னையில் நான் மேற்படிப்பு படித்தபோது வளையம் செய்யவும் கற்றோம், ஒட்டவும் கற்றோம்.

அமிலம் தடவிக் கழுவி ஊதிக் காயவைத்தால் நல்ல பல் உறைபனி படிந்த கண்ணாடி மாதிரி மங்கும். ‘பனி விழுந்துதா பார்’ என்பார் எங்கள் பேராசிரியர். அந்தப் பெண்ணின் பல்லில் பனி சரியாக விழவில்லை. எனக்கு அது கண்ணில் பட்டது, மனதில் படவில்லை. பசை மட்டமோ என்று பசையை மாற்றினேன். எச்சில் பட்டிருக்கும் என்று பஞ்சை அதிகம் வைத்தேன். கடைசியில் பிள்ளை மேல் பழி போட்டேன்.

மலை மேல் என் சனிக்கிழமை வேலையில் பாதி, இங்கே விடுதிகளில் தங்கிப் படிக்கும் பிள்ளைகள். பிரிட்டிஷ் காலத்திலிருந்தே ஏற்காடு பள்ளிக்கூட ஊர். எங்கெங்கிருந்தோ கொண்டுவந்து விடுவார்கள். அதில் ஒரு விடுதியில் ஆறேழு பிள்ளைகளுக்குக் கம்பி போட்டிருந்தேன். வாராவாரம் கழற்றிக்கொண்டு வருவது அதே இரண்டு பேர்தான். ஒரு நாள் அவர்களை நான் வழக்கம்போல விசாரித்துக்கொண்டிருக்கும்போது, கூட வந்த வார்டன் அம்மா குறுக்கே பேசினார்.

"டாக்டர், தப்பா நினைக்காதீங்க. எல்லாப் பிள்ளைகளும் ஒரே பந்தியிலதான் சாப்பிடுதுங்க. வெளியில இருந்து ஒரு தின்பண்டம் உள்ள வராது. இதுங்க ரெண்டுக்கு மட்டும் ஏன் கழலணும்?"

என்னிடம் பதில் இல்லை. இரண்டு பேரையும் பக்கத்து ஜன்னலோரம் நிறுத்தி, பல்லை ஈரம் போகத் துடைத்துப் பார்த்தேன். வெளிச்சத்தில் சாக்பீஸ் தூளை மெல்லிசாகத் தேய்த்த மாதிரி குறுக்குக் கோடுகள். கறுப்போ காவியோ இல்லை. வெறும் வெள்ளைக் கோடு. ஈரமாக இருந்தால் தெரியவே தெரியாது. ஒருவன் தருமபுரி பக்கம். இன்னொருவன் ஆந்திராவில் பிரகாசம் மாவட்டம். அன்றைக்கு வேறு யாருக்கும் அந்தக் கோடு இல்லை.

புளோரோசிஸ். பரீட்சையில் எழுதி மார்க் வாங்கிய பாடம்தான். ஆனால் காவி படிந்து, குழி விழுந்த பல்லைப் பார்த்தால்தான் எனக்கு அந்தப் பெயர் ஞாபகம் வரும். வெள்ளைக் கோட்டைப் பார்த்து அந்தப் பெயர் சொல்ல எனக்குத் தெரிந்திருக்கவில்லை. ஊரில் கேட்டால் காரணம் வேறு சொல்வார்கள்: வெத்திலை, கடுங்காப்பி, பல் விளக்காத சோம்பேறித்தனம். காப்பிக் கதை பொய் என்பதற்கு இந்த மலையே சாட்சி. கலெக்டர் காக்பர்ன் 1820களில் இங்கே காப்பிச் செடி கொண்டுவந்ததிலிருந்து காப்பியிலேயே கிடக்கிற மலை இது. எஸ்டேட்டில் நாளுக்கு அஞ்சு டம்ளர் வரக்காப்பி குடிக்கும் பாட்டிகளின் பல்லை நான் பார்த்திருக்கிறேன். வெத்திலைக் கறையைச் சுரண்டினால் உள்ளே பளிங்கு.

அதன் பிறகுதான் இந்தக் கோட்டின் சரித்திரத்தைத் தேடிப் படித்தேன். அதில் எனக்கு ஆறுதலான விஷயம், என்னைவிடப் பெரிய ஆட்களும் முப்பது வருஷம் தடுமாறியிருக்கிறார்கள் என்பது.

1901இல் பிரெடெரிக் மெக்கே என்ற இளம் பல் வைத்தியர் அமெரிக்காவில் கொலராடோ ஸ்பிரிங்ஸ் ஊருக்குப் பிழைக்கப் போனார். ஊர்க்காரர்களின் பல்லெல்லாம் சாக்லேட் நிறம். எந்தப் புத்தகத்திலும் அது இல்லை. அவர் பிடிவாதக்காரர். அந்தக் காலத்துப் பல் மருத்துவத்தின் பெரியவரான ஜி.வி. பிளாக்கையே அந்த ஊருக்கு வரவழைத்தார். இருவருமாகச் சில விஷயங்களைக் கண்டுபிடித்தார்கள். பெரியவர்கள் அந்த ஊருக்கு வந்து குடியேறினால் கறை வருவதில்லை. எனாமல் உருவாகும் வயதில் அங்கே வளர்ந்த பிள்ளைகளுக்குத்தான் வருகிறது. கறைப்பல்லில் சொத்தை குறைவு. காரணம் மட்டும் பிடிபடவில்லை. பிளாக் 1915இல் இறந்துபோனார். தண்ணீர்தான் என்று மெக்கேவுக்குச் சந்தேகம். ஆனால் தண்ணீரைச் சோதித்தால் எதுவும் சிக்கவில்லை. அன்றைய சோதனைகள் புளோரைடைத் தேடவே இல்லை.

விடை வந்தது ஓர் அலுமினியக் கம்பெனியிலிருந்து. ஆர்கன்சா மாநிலத்தில் ஒரு சுரங்க ஊர். ஊரின் பெயரே பாக்சைட். அல்கோவா கம்பெனியின் ஊர். ஆழமாகக் கிணறு துளைத்துக் குடிநீர் கொடுத்த பிறகு அங்கே பிறந்த பிள்ளைகளுக்குக் கறைப்பல். அஞ்சு மைல் தள்ளியிருந்த பென்டன் ஊர்ப் பிள்ளைகளுக்கு இல்லை. அலுமினியப் பாத்திரத்தில் சமைத்தால் விஷம் என்று அந்தச் சமயத்தில் ஒரு வதந்தி வேறு. கறைப்பல்லுக்கும் தங்கள் உலோகத்தைக் காரணம் சொல்லிவிடுவார்களோ என்று பயந்துபோய், கம்பெனியின் தலைமை வேதியியலாளர் சர்ச்சில் தண்ணீரை நிறமாலைக் கருவியில் வைத்துப் பார்த்தார். 1931. லிட்டருக்குப் பதிமூன்று மில்லிகிராமுக்கும் மேல் புளோரைடு. கம்பெனி தன் பெயரைக் காப்பாற்றிக்கொள்ளச் செய்த சோதனை, பல் வைத்தியத்தின் முப்பது வருஷப் புதிரை அவிழ்த்துவிட்டது.

இதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. ஏனென்றால் நான் உட்கார்ந்திருப்பதும் ஒரு பாக்சைட் மலை மேல்தான். சேர்வராயன் மலையின் உச்சித் தட்டுகளில் பாக்சைட் உண்டு. 1960களின் நடுவிலிருந்து மேட்டூர் அலுமினிய ஆலைக்கு இங்கிருந்து செங்கல் நிறக் கல் லாரி லாரியாக இறங்கியது. நான் மலை ஏறிய சனிக்கிழமைகளில் எந்த வளைவில் லாரி எதிரே வருமோ என்று பயந்துகொண்டே வருவேன். ஆனால் இந்த ஊர்ப் பிள்ளைகளின் பல்லில் கோடு இல்லை. பாக்சைட் கல்லுக்கும் கறைக்கும் சம்பந்தமில்லை. ஆர்கன்சாவிலும் குற்றவாளி அந்த ஆழக்கிணற்றுத் தண்ணீர்தான். மலையில் மழை பெய்து, சீக்கிரமே ஊற்றாக வெளியே வந்துவிடுகிறது. கல்லோடு உறவாட அதற்கு நேரமில்லை. அடிவாரத்திலும் தருமபுரி வரைக்கும் அப்படியில்லை. பாறை இடுக்கில் வருஷக்கணக்காகத் தேங்கிக் கிடக்கும் தண்ணீர், கல்லில் இருக்கும் புளோரின் தாதுக்களைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்துக்கொள்கிறது. வறட்சி வந்து கிணறு வற்ற, போர் போட, அதுவும் வற்ற இன்னும் ஆழமாகப் போட, பல இடங்களில் புளோரைடும் கூடவே ஏறியது. ஒரே வீட்டில் கிணற்றுத் தண்ணீர் குடித்து வளர்ந்த பெரியம்மாவுக்கு வெள்ளைப் பல், போர் தண்ணீர் குடித்த பேத்திக்குக் காவிப் பல் என்று நானே பார்த்திருக்கிறேன். பேத்தி பல் விளக்குவதில்லை என்று பெரியம்மா திட்டுவார்.

நம் மாகாணத்தின் பங்கும் இதில் சின்னதல்ல. 1930களில் நெல்லூர்ப் பக்கம் உழவு மாடுகள் நடக்க முடியாமல் மூட்டு இறுகிப் படுப்பதை விவசாயிகள்தான் முதலில் கவனித்தார்கள் என்று சொல்வார்கள். கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் இருந்த ஷார்ட் என்ற ராணுவ மருத்துவர் தன் குழுவோடு போய்ப் பார்த்து, 1937இல் கட்டுரை எழுதினார். பல்லில் கோட்டோடு நிற்பதில்லை இது. வருஷக்கணக்காகக் குடித்தால் முதுகெலும்பே ஒட்டிப்போய்க் குனிய முடியாமல் ஆகிவிடுகிறது என்று உலகத்துக்குத் தெளிவாகச் சொன்ன ஆரம்பக் கட்டுரைகளில் அது ஒன்று. அவரோடு வேலை பார்த்த சி.ஜி. பண்டிட் பின்னாளில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் முதல் இயக்குநர் ஆனார். ஷார்ட் இங்கிலாந்துக்குத் திரும்பி, மலேரியாக் கிருமி கல்லீரலில் ஒளிந்திருப்பதைக் கண்டுபிடித்துப் பெயர் வாங்கினார். நெல்லூர்த் தண்ணீர் அவருடைய பெருமைகளில் பின்வரிசைக்குப் போய்விட்டது. நான் படித்த காலத்திலும் அது பின்வரிசையில்தான் இருந்தது. புளோரைடு என்றால் எங்களுக்கு நல்ல பிள்ளை. 1945இல் கிராண்ட் ராப்பிட்ஸ் நகரத் தண்ணீரில் லிட்டருக்கு ஒரு மில்லிகிராம் சேர்த்தார்கள், சொத்தை குறைந்தது. அதனால் பற்பசையில் போடு. பேஸ்ட் விளம்பரத்தில் புளோரைடைப் புகழ்ந்த அதே ஊரில் குழாயில் அது அளவுக்கு மீறி வந்துகொண்டிருந்தது. இந்தியக் குடிநீர்த் தரத்தின்படி ஒரு மில்லிகிராம் போதும். வேறு தண்ணீரே இல்லையென்றால் ஒன்றரை வரை பொறுத்துக்கொள்ளலாம். வெயிலில் நாளெல்லாம் காட்டில் வேலை செய்து நாலைந்து லிட்டர் குடிக்கிறவருக்கு அதே அளவு இன்னும் அதிகமாகவே உள்ளே போகும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

சரி, கழன்ற பிராக்கெட்டுக்கு வருகிறேன். எனாமலைக் கட்டும் செல்களைக் குழந்தைப் பருவத்தில் புளோரைடு தொந்தரவு செய்கிறது. விளைவு விசித்திரமானது. மேல்தோல் வழக்கத்தைவிடக் கெட்டியாகி அமிலத்துக்கு மசியாது. அதற்குக் கீழே உள்ள அடுக்கு பொருக்குத் தட்டி நுண்துளைகளோடு இருக்கும். மேலே அரிக்காது, அரித்தால் கீழே பிடிமானம் கிடையாது. ஒரு நிமிட அமிலம் அதற்குப் போதாது. இதைப் பற்றிக் கென்யாவிலிருந்து நல்ல ஆய்வுகள் வந்தன. அங்கேயும் இதே தண்ணீர்தான். நான் கற்றுக்கொண்ட வழி: பியூமிஸ் போட்டு நன்றாகத் தேய்த்து, தேவைப்பட்டால் மேல்தோலை மயிரிழை அளவு உரசி எடுத்து, அமிலத்தை ஒன்றரை நிமிடம், இரண்டு நிமிடம் வரை நிறுத்துவது. பனி விழுந்தால் ஒட்டு. விழாவிட்டால் மானம் பார்க்காமல் பழைய வளையத்துக்குப் போ. கடைசியில் பிராக்கெட்டைக் கழற்றும்போதும் அவசரப்படக் கூடாது. எனாமலும் சேர்ந்து பெயர்ந்துவரும். ஒரு தடவை பெயர்ந்தும் வந்தது. அந்தக் கதையை இன்னொரு நாள் சொல்கிறேன்.

எத்தனை வித்தை கற்றாலும், பல்லை வரிசையாக்கலாம், கோட்டை அழிக்க முடியாது. கறையோடு வந்த பெண் பிள்ளைகள் வாயை மூடிக்கொண்டுதான் பேசுவார்கள். வரன் பார்க்க வருகிறார்கள், ஒரு வாரத்தில் வெள்ளையாக்க முடியுமா என்று கேட்டு எத்தனையோ அப்பாக்கள் வந்திருக்கிறார்கள். மேலே வெள்ளைப் பூச்சுப் பூசி அனுப்புவோம். சில வருஷத்தில் அது மங்கும்.

தண்ணீர்ப் பக்கமும் முயற்சிகள் நடந்தன. நாக்பூரின் நீரி நிறுவனம் 1970களில் ‘நல்கொண்டா முறை’ என்று ஒன்றைக் கொடுத்தது: படிகாரமும் சுண்ணாம்பும் போட்டுக் கலக்கித் தெளியவைத்தால் புளோரைடு அடியில் படியும். படிகாரத்தில் இருப்பதும் அலுமினியம்தான். அந்த உலோகத்துக்கு இந்தக் கதையை விட்டுப் போக மனசில்லை. ஊருக்கு ஊர் தினமும் அளவு பார்த்துப் போட ஆள் வேண்டுமே, அதுதான் சிக்கல். கடைசியில் தருமபுரிக்கும் கிருஷ்ணகிரிக்கும் வந்தது காவிரி. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தின் முழுப்பெயரிலேயே புளோரோசிஸ் தணிப்பு என்று இருக்கிறது. ஜப்பான் கடனுதவி, 1,928 கோடி ரூபாய், 2008இல் அடிக்கல், கர்நாடகத்தோடு சண்டை, பஸ் நிறுத்தம் எல்லாம் தாண்டி 2013 மே மாதம் திறந்தார்கள். ஒரு பல் வைத்தியர் ஆயுள் முழுக்க நாற்காலியில் நின்றாலும் செய்ய முடியாததை ஒரு பம்ப் செட் செய்யும். எனக்கு இதில் வருத்தமில்லை. கொஞ்சம் பொறாமை உண்டு.

வார்டன் அம்மா கேட்ட அந்தச் சனிக்கிழமைக்குப் பிறகு, ஒரு நாற்பது பக்க நோட்டில் எழுத ஆரம்பித்தேன்: பிறந்த வருஷம், எட்டு வயது வரை குடித்த தண்ணீர் எந்த ஊர், என்ன கிணறு, கோடு உண்டா இல்லையா. ஆராய்ச்சி என்று சொல்லிக்கொள்ள மாட்டேன். ஆனால் நோட்டைப் பார்த்தால் எந்த ஊரில் எந்த வருஷம் போர் போட்டார்கள், எந்த வருஷம் ஆற்றுத் தண்ணீர் வந்தது என்று தோராயமாகச் சொல்லிவிடலாம். ஓர் அக்கா தம்பி இருந்தார்கள். அக்காவுக்கு எல்லாப் பல்லிலும் கோடு, தம்பிக்குச் சுத்தம். அக்கா பள்ளிக்கூடம் போகும் வயதில் அப்பாவுக்கு மேட்டூரில் வேலை கிடைத்துக் குவார்ட்டர்ஸுக்குப் போயிருக்கிறார்கள். தம்பி பிறந்தது அங்கே.

நோட்டு ஓரளவு நிரம்பியதும் அந்தப் புளி வியாபாரி வீட்டுக்கு ஒரு கார்டு போட்டேன். திரும்ப வரச் சொல்லி, பணம் வேண்டாம் என்றும் எழுதினேன். பதில் இல்லை. அந்தப் பக்கம் ஒரு கல்யாணத்துக்குப் போனபோது விசாரித்தேன். வீட்டைக் காலி செய்துகொண்டு ஓசூர் பக்கம் போய்விட்டார்கள் என்றார்கள். பெண்ணைக் கட்டிக் கொடுத்துவிட்டார்கள் என்றும் சொன்னார்கள்.

நேற்று அட்டைகளைக் கிழித்துப் போட்டேன், அந்த ஓர் அட்டையைத் தவிர. அதில் கடைசி வரியை அடித்துவிட்டு, கீழே ‘தண்ணீர்’ என்று எழுதி வைத்திருக்கிறேன். அவளுடைய அச்சும் பெட்டியில் இருந்தது. தூக்கல் பல், தெத்துக் கோரைப்பல், எல்லாம் அப்படியே துல்லியமாக இருக்கிறது. பிளாஸ்டரில் நிறம் பதியாது. மலை மேல் வளர்ந்த பிள்ளைகளின் அச்சுகளோடு சேர்த்து மேஜையில் வரிசையாக அடுக்கிப் பார்த்தேன். எல்லாப் பல்லும் ஒரே வெள்ளை.